கொடுபட வேண்டிய சம்பளம்

பதினோராம் வகுப்புக்கு நான் நடத்திய கடைசிப் பாடம்
சரிக்கட்டுப் பதிவுகள்.
கொடுபட வேண்டிய சம்பளத்தை
இலாப நட்டக் கணக்கில் கூட்டு,
இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் காட்டு.
எழுதி முடித்துக் கையைத் தட்டினேன்,
சாக்பீஸ் தூள் பறந்தது.
அடுத்த செவ்வாய் கேட்டிலேயே வாட்ச்மேன் கேட்டார்:
"புது டீச்சர் வந்துட்டாவளே,
ஒங்களுக்கு போன் வரலியா?"

மணிக்கு இருநூற்றைம்பது.
ஐப்பசி முதல் தை வரை ஐம்பத்தெட்டு மணி.
சுடலைமணி பதிவேட்டைத் திருப்பி
நாற்பத்தொன்று என்றார்.
"மழையில கீழ்த்தட்டு பூரா நனைஞ்சுபோச்சு டீச்சர்,
தெரியுத கையெழுத்தத்தான நான் எண்ண முடியும்?"
மார்கழிப் பக்கங்கள்
அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
கல்லிடைக்குறிச்சிக்காரி நான்,
காயாத அப்பளத்தைக் கிழியாமல் பிரிக்கத் தெரியும்.
அவர் தொடவிடவில்லை.

திருநெல்வேலிக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் நின்றேன்.
"வாத்தியார் வேலை தொழிலாளி கணக்குல வராதும்மா"
டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ஒருவர் சொன்னார்.
சேரன்மகாதேவி வரை சீட் கிடைக்கவில்லை.
எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை
அனாமத்தில் வை என்று
நான்தான் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அம்பாசமுத்திரம் கோர்ட்டில்
சட்டப்பணிகள் குழுவுக்கு மனு கொடுத்துவிட்டு வரும்போது
பஸ் ஸ்டாண்டில் சொர்ணமதி.
"மிஸ், என் நோட்டுல தேதி எல்லாம் இருக்கும். வேணுமா?"
வலது மூலையில் தேதி போடாவிட்டால்
திருத்தவே மாட்டேன் என்று
அவளைத்தான் அதிகம் ஏசியிருக்கிறேன்.

சமரச அறையில் ஃபேன் ஓடும் சத்தம்.
தாளாளருக்குப் பதில் அவர் மச்சினர்,
வெள்ளை வேட்டி, இரண்டு போன்.
வக்கீல் பிரிசில்லா நோட்டைப் புரட்டி
பென்சிலால் தேதிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி வந்தவர்
ஓரத்தில் இருந்ததை வாய்விட்டு வாசித்துவிட்டார்:
"இன்னைக்கும் ஊதாச் சேலை."
அடுத்தது, "மஞ்சள்."
"கட்டம் போட்டது."
"மறுபடி ஊதா. பேய்மழை.
மிஸ் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு வந்தாங்க."
என்னிடம் இருக்கும் மூன்று சேலைகளும்
மாறி மாறி அந்த மேசைக்கு வந்து
சாட்சி சொல்லிவிட்டுப் போயின.
சுடலைமணி தரையைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து நான்கு தேறியது.
மிச்சம் நாலு மணி பரீட்சை ஹால் மேற்பார்வை.
அன்று பிள்ளைகள் எழுதியதெல்லாம்
விடைத்தாளோடு போய்விட்டது.
"நாலுதான, விட்டுருங்க, இப்பவே செக்கு தாரோம்."
வீட்டில் சிலிண்டர் தீர்ந்து மூன்று நாள்.
பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு.
இனி யாதொரு கோரிக்கையும் இல்லை.
ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டேன்.
நாலு மணியை வாராக்கடன் என்று தள்ள
இன்னும் மனசு வரவில்லை.

படியிறங்கும்போது சுடலைமணி பின்னாலேயே வந்தார்.
"மனசுல வச்சுக்கிடாதீய. எனக்கும் ரெண்டு மாசம் பாக்கி."
நீங்களும் ஒரு மனு போடலாமே என்றேன்.
"நான் வந்ததப் போனத
எந்தப் பிள்ள டீச்சர் எழுதி வச்சிருக்கு?"

நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன்
ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.
கடைசிப் பாடத்தில்
கொடுபட வேண்டிய சம்பளத்தைச்
சொத்துகள் பக்கம் போட்டுவைத்திருக்கிறாள்.
சிவப்பு மையில் சுழித்து
அம்புக்குறி இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தேன்.
கீழே சின்னதாக:
அது ஊதா இல்லை, நாவல்பழக் கலர்.
வலது மூலையில் தேதி போட்டேன்.