பறி கவ்விய வாய்

பழங்குடித் தீவுப் பண்பாடு: ஒரு நாள் உலா.
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு,
மீன்குழம்புச் சாப்பாடு உட்பட.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
இரண்டு ஷேர் ஆட்டோக்களில் முட்டி இடிக்க
படகடிக்கு வந்தோம் பதினோரு பேர்.
மிதப்பதற்கு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள்.
ஜிப் எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

வழிகாட்டி செஞ்சம்மா.
நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
தலையில் ஏதோ வங்கி இலவசமாய்க் கொடுத்த தொப்பி.
"எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்றாள்.
அதுதான் வரவேற்புரை.

புகைபோக்கி விழாதபடி படம் எடுக்கப் பார்த்தோம்.
கொக்கு, கண்டல் புதர், அவள் கொழுந்தனின் துடுப்பு,
எதை எடுத்தாலும் பின்னால் ஒன்று நின்றது
கல்யாண ஃபோட்டோவில்
பத்திரிகை வைக்காமல் வந்த மாமனைப் போல.

"தீவு எங்கம்மா?"
அண்ணா நகர்க்காரர் கேட்டார்.
"நீங்க நிக்கிறதுதான் சார்.
முன்னெல்லாம் சுத்தித் தண்ணி.
இப்ப ஒரு பக்கம் தண்ணி, மூணு பக்கம் காம்பவுண்டு.
அப்பவும் தீவுதான?"

நிகழ்ச்சி நிரலில் இரண்டரைக்கு மரபு நடனம்.
வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.
"யாரு போட்டது இத?
நாங்க ஆடுறது மாசிப் பௌர்ணமிக்கு,
மாமல்லபுரத்துக் கடலோரம், கன்னியம்மாவுக்கு.
அன்னைக்கு வாங்க. டிக்கெட் கெடையாது."

என்னிடம் திரும்பி, "அக்கா எந்தூரு?"
தண்டையார்பேட்டை.
"இன்னா வேல?"
ஆபீஸ் என்றேன்.
பைக்குள் அடையாள அட்டை
முகம் கவிழ்த்துக் கிடந்தது.

பிறகு இடுப்பளவு தண்ணீர்.
ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வினாள்.
இரண்டு கையும் சேற்றுக்குள் போயின.
அத்தோடு விளக்கவுரை நின்றது.

"ஒரு வார்த்த பேசும்மா, வீடியோ ஓடுது"
என்று கெஞ்சினார் கரையிலிருந்த ஒருவர்.
கண்ணால் பறியைக் காட்டினாள்.
வேலை செய்கிற வாய், பேசாது.

எங்களுக்கும் ஆளுக்கொரு பறி.
சட்டென்று கழிமுகம் அமைதியானது.
பங்குச் சந்தை பேசியவர் பேசவில்லை.
மகளை அதட்டிக்கொண்டே வந்தவள் அதட்டவில்லை.
எச்சில் ஒழுகியது, யாரும் துடைக்கவில்லை.
கைகள் மட்டும்
இருட்டில் ஸ்விட்ச் தேடுகிறவர்களைப் போல.

தண்ணீர் சுட்டது.

உள்ளே வரும் நீர், வெளியேறும் நீர்,
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்:
ஒவ்வொரு ஷிஃப்டிலும் பதிவேட்டில் எழுதுகிறவள் நான்.
ஆறு புள்ளி எட்டு.
ஆறு புள்ளி எட்டு.
நீல மையில், கோடு தாண்டாமல், ஒன்பது வருஷம்.
அது எவ்வளவு சூடு என்று
இன்றைக்குத்தான் தொடைக்குத் தெரிந்தது.

செஞ்சம்மா பக்கத்தில் வந்தாள்.
என் மணிக்கட்டைப் பிடித்து
சேற்றில் கொஞ்சம் இடப்புறம், கொஞ்சம் கீழே.
ஒரு துடிப்பு.
மூடினேன். குத்தியது. விடவில்லை.
அவளால் கேட்க முடியாது, வாயில் பறி.
என்னால் சொல்ல முடியாது, வாயில் பறி.
இவ்வளவு வசதியான மௌனம்
எனக்கு வாய்த்ததே இல்லை.

சாப்பாட்டுக்கு முன் கொட்டி எண்ணினார்கள்.
அவளுடையது இரண்டு கிலோ இருக்கும்.
எங்கள் பதினோரு பேருடையதும் சேர்த்து
ஒரு தட்டுக்குக் காணாது.
எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துப் பங்கு போட்டாள்.
"தண்ணியில நின்னவங்களுக்கு எல்லாம் ஒரே பங்கு."
நான் வேண்டாம் என்றேன்.
"அதெல்லாம் சொல்லக் கூடாது" என்று
பையை முடிந்து கையில் திணித்தாள்.

கருத்துப் படிவத்தில் ஐந்து நட்சத்திரம்.
குறைகள் ஏதேனும் என்ற இடத்தில்
பேனாவை வைத்து
ஒரு புள்ளியோடு எடுத்துவிட்டேன்.

ஐந்து ஐம்பது லோக்கல், பெண்கள் பெட்டி.
பையிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது.
எண்ணூரில் ஏறிய பூக்காரம்மா எட்டிப் பார்த்து,
"நல்ல எறாலு. எவ்ளோக்கு வாங்குன?"

விலை சொல்ல வாய் திறந்தேன்.
பல்லிடுக்கில் ஓலை நார் ஒன்று
உப்பாக.

திருவொற்றியூர் வந்தது. போனது.
நாளைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்.