ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

நான் வக்கீல் இல்லை.
குடியாத்தத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.
ஆனால் அந்தப் படி இறங்குகிறவர்கள்
முதலில் பார்ப்பது என் பெயர்ப்பலகையை.
ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்:

புகார வாங்கிகினு சும்மா போன்றாங்களே, இன்னா பண்றது?
ரசீது கேள், சி.எஸ்.ஆர். என்று சொல்.
எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் அவர்களே தரணும், இலவசம்.
அதுக்கு என்கிட்டே துட்டு தராதே.
பொம்பளைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாமா?
விசாரிப்பதென்றால் வீட்டுக்கு வந்து விசாரிக்கட்டும்.
வண்டிச் சாவிய உருவலாமா?
போனத் தொறந்து காட்டியே ஆவணுமா?

சிலதுக்கு எனக்கே விடை தெரியாது.
டோனர் தீர்ந்துபோச்சு என்று சொல்லி
உள்ளே திரும்பிக்கொள்வேன்.

படித்துத் தெரிந்ததல்ல இது.
இருபது வருஷமாய்க் கண்ணாடிமேல் கவிழ்த்த காகிதம்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கையில் ஒட்டிக்கொண்டது.
ஒன்றை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வேன்:
வெத்துப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே.

சிரசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னே
ரைட்டர் வந்தார்.
கையில் ஒரு தாள். கீழே இரண்டு கோடு, மேலே வெள்ளை.
"சாட்சி ஒன்னு கொறையுது ஏகாம்பரம்.
போடு. அப்புறம் எழுதிக்கிறோம்."
பேசிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்,
ரோட்டுப் பக்கம் மூன்றடி நீண்டிருக்கும் என் தகரக் கூரையை.
வேறொன்றும் சொல்லவில்லை.
டீகூட அவரே வாங்கிக் கொடுத்தார்.
பேனாவும் அவருடையது.

ஆடி பிறந்து அஞ்சலா வந்தாள்.
தீப்பெட்டி கம்பெனிக்காரி. நகக்கண்ணில் மருந்து.
"எம்மவன் சஞ்சீவி கேசுண்ணா. ரெண்டு செட்டு போடு,
வக்கீலுக்கு ஒன்னு, எனக்கொன்னு.
செவ்வாக்கெழம ராத்திரி சோத்துத் தட்டுலேர்ந்து இட்டுகினு போனாங்கோ.
வியாழன் காலைல புடிச்சதா எழுதிக்கிது."

இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ளே
ஜட்ஜ் முன்னாடி நிறுத்தணும்மா, என்று ஆரம்பித்தேன்.
ஆறாவது பக்கம் வெளியே வந்தது.

கவுண்டன்ய ஆற்றுப் பாலத்தடியில்
சாக்குப் போட்டு மூடியிருந்த டூவீலரை
அவன் அடையாளம் காட்டியபோது
உடனிருந்து பார்த்தவர்கள் இருவர்.
இரண்டாவது நான்.
'ம்'மின் புள்ளியை எப்போதும் தள்ளி வைப்பேன்,
தள்ளியே இருந்தது.
காலை ஏழு மணியாம்.
ஏழு மணிக்கு நான் ஷட்டரே தூக்குவதில்லை.

காகிதம் சூடாக இருந்தது.
இரண்டாவது செட்டில் இன்னொரு முறை வந்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
ஆறாவதில் விரல் நின்றது.
தலையைத் தூக்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்,
திரும்பக் காகிதத்தை,
திரும்பப் பலகையை.
குச்சி அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாய்.

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

எத்தனையோ கேட்டிருக்கிறார்கள் இந்த மேஜையில்.
இதை யாரும் கேட்டதில்லை.

இல்லை என்றேன்.
மெஷின் நின்றபிறகுதான் எனக்கே அது கேட்டது.

அவள் கத்துவாள் என்று இருந்தேன்.
கண்ணைத் துடைக்காமல்
வரிசையில் அடுத்து நிற்கிறவள்போலக் கேட்டாள்:
"அத கோர்ட்டுல வந்து சொன்னா
ஒங்கள இன்னா பண்ணுவாங்க?"

நான் வக்கீல் இல்லை, என்றேன்.
டோனர் தீரவில்லை.

நாற்பத்தெட்டு ரூபாய்க்கு ஐம்பது வைத்தாள்.
மீதிக்கு நிற்கவில்லை.
அந்த இரண்டு ரூபாய் இன்னும் கண்ணாடிமேல்தான் கிடக்கிறது,
எதை நகலெடுத்தாலும் ஓரத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுகிறது.

நேற்று ஏணி போட்டு ஏறி
மூன்றடித் தகரத்தை நானே கழற்றினேன்.
எதிர்ப்படியில் நின்று ரைட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெயில் இப்போது நேரே மேஜைவரைக்கும் வருகிறது.

சம்மன் இன்னும் வரவில்லை.