எண் 217

காரைக்குடி மண்டபத்தில் மாலை போடுகிறார்கள்.
ஒலிபெருக்கியில் ஒருவர்
டாக்டர் உண்ணாமலையின் பட்டங்களை வாசிக்கிறார்,
நடுநடுவே மூச்சு வாங்கி.
என் மூச்சு வாங்கல் வேறு வகை.

கட்டுரைகள் நூற்று நாற்பது என்கிறார்.
அதில் ஒன்றில் நான் இருக்கிறேன்.
பெயர் இல்லை.
பெண், வயது ஒன்பது, புதுவயல்,
தகப்பன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர்.

முதலில் முழங்கால் வீங்கியது.
அது வற்றியதும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு.
வளர்கிற வலி என்றார் வாத்தியார்.
பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா
நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்:
லாபம், ரெண்டு, மூணு...
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நெல் அளக்கிறவர்தானே ஒன்றை லாபம் என்பார்!

அப்போது அவர் மதுரையில் விரிவுரையாளர்.
சீமையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு
சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி
தொண்டை வலித்த பிள்ளைகளைத் தேடி அலைகிறாள் என்று
அவர் வீட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டார்களாம்.

நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
வட்டிக்கடைப் பேரேடு ஒன்று வைத்திருந்தார்.
வரவுப் பக்கத்தில் ஊசி போட்ட தேதி,
பற்றுப் பக்கத்தில் நெஞ்சின் சத்தம்.
மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின்.
போட்ட பிறகு இரண்டு நாள் நொண்டுவோம்.

அவர் பேராசிரியர் ஆனார், துறைத் தலைவர் ஆனார்.
சுருங்கிய வால்வு எப்படி உறுமும் என்று காட்ட
மாணவர்களை வேனில் ஏற்றி வந்து
எங்கள் ஆலையில், பெல்ட் நழுவுகிற நேரம் பார்த்து,
கண்ணை மூடி நிற்கச் சொன்னார்.
உமி அப்பிய வெள்ளைக் கோட்டுகள்.
அந்த உறுமல் எனக்குள்ளும் இருந்தது.
அப்பா அவர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

தவறிய ஊசிக்குத் தபால் அட்டை வரும்,
அவர் கையெழுத்திலேயே:
'இருதயத்துக்கான ஊசி. அவசியம் வரவும்.'

எனக்குப் பதினெட்டு.
பள்ளத்தூர் மாப்பிள்ளை.
தபால்காரர் அவருக்குச் சித்தப்பா முறை.
அவ்வளவுதான்.

அடுத்த வரன் திருமயம் பக்கம்.
அப்பா பழைய அட்டைகளை அடுப்பில் போட்டார்.
ஊசியும் நின்றது.
வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில்
சுவரில் சாய்ந்தே தூங்கினேன்.
படுத்தால் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருக்கும்.

முப்பது ஆண்டு முடிவுகள் அச்சாகி
வெளிநாட்டு மேடைகளில் எழுந்து நின்று தட்டினார்கள்.
அட்டவணையின் கடைசி வரி:
தொடர்பு அற்றுப்போனோர், பதினொன்று.

ஓய்வு பெற்ற மறுமாதம்
அந்தப் பதினொன்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி
டவுன் பஸ் ஏறியிருக்கிறார்.
நான் நெல் காயவைக்கும் களத்துக்கே வந்து நின்றார்.
நெஞ்சில் குழாயை வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
"ஏன் வராமல் போனாய் பஞ்சவர்ணம்?"

அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.
"அட்டை பதினைந்து காசு, உறை ஒரு ரூபாய்.
எண்பத்தைந்து காசு மிச்சம் பிடித்தேன்."
வேறொன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் மதுரையில்
அவருடைய மாணவன் ஒருவன் என் வால்வை விரித்தான்.
அன்றிரவு மல்லாந்து படுத்தேன்.
தூங்கப் பயமாகத்தான் இருந்தது.

மற்றப் பத்துப் பேரில் ஏழு பெண்கள்.
மூன்று வீடுகளில்
மாலை போட்ட படத்தைத்தான் பார்த்தாராம்.

பிறகு இரண்டே பக்கத்தில் ஒன்று எழுதினார்,
தபால் அட்டையைப் பற்றி, தன் தவறு என்று.
ஒலிபெருக்கிக்காரர் அதைச் சேர்க்கவில்லை.
என் கணக்கில் நூற்று நாற்பத்தொன்று.

இப்போது மைக் அவர் கையில்.
என்னைப் பார்த்துவிட்டார்.
எழுந்து நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று
முந்தானையை இழுத்துக்கொண்டேன்.
சொல்லவில்லை.
கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்து
வணக்கம் என்றார்.

மடியில் அழைப்பிதழ் இருக்கிறது.
உறையில் போட்டு, விளிம்பெல்லாம் பசை தடவி அனுப்பியிருந்தார்.
பிரிப்பதற்குள்
ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.