கடல் சட்டம், மூன்றாம் ஆண்டு

அப்பா கடற்படையில் சார்ஜென்ட்.
கடலைப் பார்த்ததில்லை.
வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்,
பொலிவியாவில் யாரும் சிரிப்பதில்லை;
மார்ச் இருபத்துமூன்று வந்தால்
கைவிட்டுப் போன கடலுக்காக அணிவகுப்பே உண்டு.
டித்திகாக்கா ஏரியில்தான் அவருடைய மாலுமிப் பிழைப்பு.
அங்கே தீக்கினா நீரிணையில்
பஸ் ஒரு மரத்தெப்பத்தில் போகும்,
அதில் வந்தவர்கள் வேறு படகில் போவார்கள்,
அக்கரையில் மறுபடி ஏறிக்கொள்வார்கள்.
சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்றபோது
"இதுதானே அது" என்றாள் அம்மா
இஸ்பி மீனை வறுத்தபடி.

எனக்குப் பதினொரு வயதில்
சதுக்கத்தில் திரை கட்டி
ஹேக் நகரத்துத் தீர்ப்பைக் காட்டினார்கள்.
பள்ளிக்கூடமே கொடி பிடித்து நின்றது.
நீதிபதி வாசித்தார், வாசித்தார்,
பத்திக்குப் பத்தி இல்லை, இல்லை.
பன்னிரண்டுக்கு மூன்று.
"யார் பன்னிரண்டு?" என்று கேட்டாள் அம்மா.
அப்பா கொடியை மடித்தார்,
ஓரங்கள் சரியாகச் சேரும்வரை
பிரித்துப் பிரித்து.

இப்போது மேசையில் இரண்டு கையேடுகள்.
லா பாஸ்: இரண்டரை மணி நேரம், கட்டணம் குறைவு,
எல்வீரா சித்தி வீட்டில் பாதி அறை;
மறுபாதியில் அவளுடைய தையல் மெஷின்.
அந்தோஃபகாஸ்தா: சிலே. உதவித்தொகை.
அட்டையில், வேண்டுமென்றே வைத்ததுபோல், கடல்.
ஒன்றாம் வகுப்பிலிருந்து நம்முடையது என்று
நான் வண்ணமடித்து வந்த அதே கடல்.
நீலப் பென்சில்தான் எப்போதும் முதலில் தீரும்.

கடலுக்காக இல்லை என்றேன்.
கடலை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.
நூலகத்துக்காக.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்காம் ஆண்டு உடன்படிக்கையை
அவர்கள் தம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று
அந்தப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.
எதிராளியின் வாதம் தெரியாத வக்கீலிடம்
யார் கட்டைக் கொடுப்பார்கள்?
சொல்லி முடித்ததும் என் குரல்
எனக்கே பிடிக்கவில்லை.
கொஞ்சம் கடலுக்காகவும்தான்.

அப்பா பக்கங்களைப் புரட்டினார்.
விடுதி. சாப்பாடு. பாடத்திட்டம்.
"மூன்றாம் ஆண்டில் கடல் சட்டம்" என்று உரக்க வாசித்தார்.
"நம்ம கல்லூரியில்?"
"நான்காம் ஆண்டில். விருப்பப் பாடம்."
"விருப்பப் பாடமா!" என்று
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் நான்கு மாதம்,
அவர் ஒப்புதல் வேண்டும்.
பேனாவை எடுத்தார். வைத்தார்.
எழுந்து, சீருடைச் சட்டையைக் கழற்றி,
நாற்காலி முதுகில் மாட்டி
எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டு
பனியனோடு வந்து உட்கார்ந்தார்.
ஜூலைக் குளிர். கதவிடுக்கில் ஏரிக்காற்று.
கையெல்லாம் மயிர் குத்திட்டு நிற்க
பொர்ஃபீரியோ தார்க்கி என்று
பள்ளிக்கூடப் பையனின் எழுத்தில் முழுப்பெயர்.

"ராத்திரியெல்லாம் சத்தம் போடுமாமே அது.
தூங்குவியா?"

முதல் விருப்பம் என்ற கட்டத்தில்
நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.
அதை அவர் பார்த்தார்.
சட்டையைத் தொடாமல் போய்
தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.