கணக்கில் சேரும்

ஆனிமாதம் ஆரல்வாய்மொழிக் காற்று
கதவைத் திறந்ததும் கேட்கும்,
இன்றைக்கும் வேலைக்குப் போகணுமா என்று.

ஆறு மணிக்குச் சைக்கிளை எடுப்பேன்.
கேரியரில் அடுத்தவீட்டு ராசம்மையின் பிச்சிப்பூ மூட்டை.
கூடையில் சோறு, குடை.
குடை மழைக்கல்ல, நாய்க்கு.
துப்பட்டாவில் இரண்டு முடிச்சு.

காற்று தள்ள முப்பந்தல் வரை
சும்மா பறந்துவிட்டுத் திரும்பும் கூட்டம்
பாலத்துப் பக்கம் என்னைப் பிடிக்கும்.
ஐந்து பேர். கையுறை, கறுப்புக் கண்ணாடி,
என் ஒரு வருசச் சம்பளத்தில் ஒரு சைக்கிள்.
ஒன்றிலும் மணி கிடையாது.

"அக்கா, ஓரம்!" என்பான் ஆன்றோ ஷிபின்.
ஓரம் கொடுப்பேன், போகமாட்டார்கள்.
மூட்டை அகலம், காற்றுக்கு நல்ல மறைவு.
தோவாளை வரை வாத்துக்குஞ்சுகள் மாதிரி
என் பின்னால் வரிசை.
பூச்சந்தையில் மூட்டையை இறக்கினேனோ இல்லையோ
நன்றிகெட்டதுகள், சர்ரென்று காணாது.

அப்புறம் இருக்கிறது வெள்ளமடம் டீக்கடை.
ஐந்து சைக்கிளும் சுவரில் சாய்ந்து நிற்க
மணியடித்துக்கொண்டே தாண்டுவேன்.
"இது கணக்குல சேராதுக்கா!"
"எதுக்குடே சேராது? ரோடு ஒண்ணுதானே."
ஆனி பிறந்து பதினேழு ஓட்டம்.
அவர்கள் ஆறு, நான் பதினொன்று.

போன வியாழன், சரியாக அந்தக் கடைமுன்
என் செயின் கழன்று பெட்டிக்குள் சிக்கியது.
மணி ஏழு பத்து.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
எட்டுக்கு விரல் வைத்தாகணும்.
கைதட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.
பூதலிங்கம் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான்.
வந்தவனுக்குச் செயின் பெட்டியைக் கழற்றத் தெரியவில்லை,
அப்படியொன்றை அவன் சைக்கிள் கண்டதே இல்லை.
நான் கழற்றினேன். அவன் மாட்டினான்.

பிறகு நான்கு பேர் முன்னால் போய்க்
காற்றை வாங்கிக்கொண்டார்கள்.
ஷிபின் ஒரு கையால் என் கேரியரைத் தள்ளினான்.
"மிதிக்காண்டாம் அக்கா."
"நான் மிதிப்பேன்டே."
வடசேரியில் பஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்,
என்ன ஊர்வலம் இது என்று.

ஏழு ஐம்பத்தெட்டு. விரலை வைத்தேன்.
விரலெல்லாம் கிரீஸ்.
மீண்டும் முயலவும் என்றது மெஷின்.
துப்பட்டாவில் துடைத்தேன்.
மீண்டும் முயலவும்.
எட்டு இரண்டுக்குத்தான் என்னை நம்பியது.

வியாழனை யாரும் கணக்கில் எழுதவில்லை.

வெள்ளி காலை, அதே சுவர், அதே ஐந்து சைக்கிள்.
இன்று ஒருநாள் மணியடிக்காமல் போகலாம்
என்று நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.

பன்னிரண்டு.