காலி அலைவரிசை

டிசம்பர். மூன்றாம் நாளாக மழை.
வெள்ளவத்தைக்கு மேல் ஒரு நட்சத்திரமும் இல்லை.
காரியமில்லை. என் ராடாருக்குக் கண் கிடையாது.

ராடார் என்பது கொஞ்சம் அதிகப்படி.
யன்னல் திரைத் தடிகள் நான்கு,
மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் காலோடு
கம்பியால் இறுக்கியவை.
வயர் குளியலறை யன்னலால் இறங்கி
பற்தூரிகைகளைத் தாண்டி மேசைக்கு வரும்.
ஒலிபரப்புவது நானல்ல.
வங்கக் கடலின் அந்தக் கரையில்
ஏதோவொரு தெலுங்கு நிலையம்
விடிய விடியத் தன்பாட்டில் கதைக்கிறது.
பூமி வளைந்திருப்பதால் எனக்குக் கேட்காது.
கேட்காத அந்த இடத்தில்தான்
இரவெல்லாம் காது வைத்திருக்கிறேன்.

கொழும்பில் காலியான அலைவரிசை தேடுவது
காலி வீதியைக் காலியாகப் பார்க்க நினைப்பதுபோல.
இந்தப் பக்கம் பிரித் ஓதல், அந்தப் பக்கம் சீமெந்து விளம்பரம்,
நடுவே மயிரிழை அகலத்தில்
வெறும் இரைச்சல்.

பிறகு, இரண்டு கரைக்கும் பாதி வழியில்,
வீதியை நிமிர்த்திக் கடலில் நட்டால்
ஹிக்கடுவை வருகிற உயரத்தில்
சீனிப் பருக்கை ஒன்று வந்து எரிகிறது.
செக்கனுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர்.
எரிந்த தடம் இமைப்பொழுது
உலோகம்போல் விறைக்க
அதில் பட்டுத் தெறித்து
என் காதில் விழுவது:
"...ண்டி"

அவ்வளவுதான்.
வாருங்கள் என்றாளா, போய்வாருங்கள் என்றாளா,
தடம் அதற்குள் கரைந்துவிட்டது.

நேற்று நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது.
காற்றில் சரிந்த தடியை நிமிர்த்த
டோர்ச்சோடு நான் மாடிக்குப் போனதை
ரோந்து ஜீப் கண்டிருக்கிறது.
மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட
சார்ஜன்ட் ஹெட்டிகே.
"மே மொகக்த?"

இந்த ஒழுங்கையில் அந்தக் கேள்விக்கு
வேறொரு வயது உண்டு.
கூரையில் கம்பி ஏற்றியவர்களை
ஏற்றிக்கொண்டு போன காலம்.
ராடார் என்ற சொல்லையே
கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன காலம்.
என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடியது.
அவர் அதைக் கேட்கவில்லை.

எரிகல்லுக்கு எனக்குச் சிங்களம் வரவில்லை.
கையை மேலிருந்து சரேலென இழுத்துக் காட்டினேன்.
"உல்கா?" என்றார்.
உல்கா.
ஏன் இந்த நேரத்தில்?
நூறாம் இலக்க பஸ்ஸில் மழை
முன்கண்ணாடிக்குத்தானே கூட அடிக்கும்,
விடியற்காலையில் நாங்கள் இருப்பது
பூமியின் முன்கண்ணாடியில் என்றேன்.
அதற்கு மாத்திரம் சிரித்தார்.

ஹெட்போனைக் கொடுத்தேன்.
நாற்காலி நுனியில் இருந்தார், தொப்பி மடியில்.
ஒன்பது நிமிடம். ஒன்றும் வரவில்லை.
கேட்க ஆள் வந்தால் வானம் இப்படித்தான்.
கீழே ஜீப் ஒருமுறை ஹோர்ன் அடித்தது.
எழும்பப் போனவர் பாதியில் நின்று
"ஆவா" என்றார்.

வந்தது என்றார்.
திரையைப் பார்த்தேன். நீலம். கோடு இல்லை.

பகலில் துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவள் நான்.
முத்திரை பார்க்காத பெட்டியை எண்ணுவதில்லை.
கோடு விழாத எரிகல் எரிகல் அல்ல.
இரவுக்கணக்கு இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதி
பேனையை மூடினேன்.
ஆறு மணி றெயில் கடலோரமாய்
யன்னலை உதறிக்கொண்டு போனது.

பிறகு பென்சிலால், ஓரத்தில், சின்னதாக:
4.52. ஹெட்டிகே.

அவருக்கு என்ன கேட்டதென்று
கேட்க மறந்துவிட்டேன்.