ஏழாவது கிலோமீட்டரில் இடப்பக்கம்

விசா மறுப்புக் கடிதம் ஒரே பக்கம்தான்.
கடைசிக்கு முந்தின கட்டத்தில் ஒரு டிக்:
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயம்.
தனிஸ்லாஸ் அதைக் கம்பி பில்லை வாசிப்பதுபோல்
இரண்டு முறை வாசித்துவிட்டு
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.

கட்டிய பணம் வராது.
இத்தாலியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து நாள் சைக்கிள்.
வழிகாட்ட ஆள் கிடையாது, வழித்தாள் மட்டும்.
பதினோரு பக்கம், அச்சடித்துத் துளையிட்டு
உறைக்குள் போட்டு வைத்திருந்தேன்.
ஆகஸ்ட் லீவு கையில் இருந்தது.
வாதி கபீர் ஃபிளாட்டில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது.

"திராட்சை இங்கேயும் உண்டு" என்றார்.
"ஜபல் அக்தர் மேலே."

நிஸ்வாவில் இரண்டு சைக்கிள், நாளுக்கு எட்டு ரியால்.
தாதுல்லாவின் பிக்கப் பின்னால்
சைக்கிள்களைப் பிடித்தபடி செக்போஸ்ட் தாண்டினோம்.
மேலே இறங்கியதும் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் குளிர்காற்று.
அவர் உறையிலிருந்து தாளை உருவினார்.
இத்தாலியத் தாள்.
சிரிப்பேன் என்று நினைத்திருப்பார்.
நான் மீட்டரை ஜீரோவில் வைத்தேன்.

2.1: சைப்ரஸ் மரங்கள் வரிசையாக.
ஒரே ஒரு மரம், பாதி காய்ந்தது. அடியில் கழுதை.
4.6: மாதா கோயில் மணிக்கூண்டு.
மொபைல் டவர். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.
7.0: இடப்பக்கம் திரும்பவும். மூன்று வகை வைன் ருசிக்கலாம்.
இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை.
மூன்று வகை ருசித்தோம்:
விம்டோ, லபன், பாட்டிலில் சூடேறிப்போன எங்கள் தண்ணீர்.
விம்டோ டின்னைச் சுழற்றி மூக்கருகே பிடித்து
"லேசாக இரும்பு அடிக்கிறது" என்றார் தனிஸ்லாஸ்.

அதற்குப் பிறகு தாளில் சமவெளி, எதிரில் ஏற்றம்.
சின்ன கியரில் என் மூச்சு எனக்கே கேட்க,
கியரே இல்லாத சைக்கிளில்
பின்னால் இரண்டு பெட்டி கட்டி
ஒருவன் எங்களைத் தாண்டிப் போனான்.

வளைவில் நின்றிருந்தான். பெயர் ஷோஹாக், ஊர் குமில்லா.
என் கியரை விரலால் தட்டிப் பார்த்து
வாடகை எவ்வளவு என்று இந்தியில் கேட்டான்.
எட்டு என்றேன். நாளுக்கு என்று சொல்லவில்லை.
அவன் விரல் மடக்கினான்.
"என் மூணு நாள்" என்று சிரித்தான்.
அந்தச் சிரிப்பில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன்.
இல்லை. தேடினேன் என்பதுதான் உறுத்தியது.

தாளில் இருந்த படத்தைக் காட்டி
இது எந்த ஊர் என்றான்.
"போக விடவில்லை" என்றார் தனிஸ்லாஸ்.
"என்னையும்தான்" என்றான் அவன்.
எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

கறுப்புத் திராட்சை, சுண்டைக்காய் அளவு,
தடித்த தோல், வாயெல்லாம் விதை.
பை இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு
பாட்டில் வாய்க்குள் ஒவ்வொன்றாகத் திணித்தோம், நசுங்க நசுங்க.
அரை ரியால் கேட்டான். ஒன்று கொடுத்தேன்.
மீதியைத் தந்துவிட்டுத்தான் பெடலை மிதித்தான்.

18.3: நீண்ட இறக்கம். பிரேக்கைப் பார்த்துக்கொள்ளவும்.
பதினோரு பக்கத்தில் இந்த ஒரு வரி
எங்களுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.
ரப்பர் கருகும் வாசனை, கண்ணில் நீர்,
கீழே படிப்படியாகப் பச்சை.
தனிஸ்லாஸ் என்னவோ கத்தினார். கேட்கவில்லை.

மாலை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்
டார்ச் அடித்துப் பார்த்து
திரும்புகிறீர்களா என்றார்.
"ஆமாம், கட்டாயம்" என்றார் இவர்.
"எழுதித் தரட்டுமா?" என்று தமிழில், என்னிடம்.

பாட்டிலை மறந்தே போனோம்.
பால்கனியில், வாஷிங் மெஷினுக்கு மேலே, ஒன்பது நாள் வெயில்.
வெள்ளிக்கிழமை ராத்திரி டப் என்று ஒரு சத்தம்.
மூடி எதிர்ச்சுவரில் மோதிக் கிடந்தது,
சுவரில் ஊதா, காற்றில் புளிப்பு,
அதற்குள் ஒளிந்து இன்னொரு வாசனை.
வழிகாட்ட ஆள் இல்லாமல்
அது பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குடிக்கவில்லை. இருட்டில் மாறி மாறி முகர்ந்தோம்.
கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைச் சட்டை
இரண்டும் பாழ்.